விரலால் ஒரு தட்டு

விடுமுறையில் ஊருக்குப் போய் வந்தேன். விமானம், டாக்சி, வங்கி வேலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது என் வலது முன்னங்கையில் இருந்த கட்டியைப் பற்றி.

கோலிக்குண்டு அளவு இருக்கும். நான் வசிக்கும் நாட்டில் குடும்ப மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடியே "கொழுப்புக் கட்டி" என்றார். ஸ்கேனுக்குப் பெயர் பதிந்து எட்டு மாதம் காத்திருந்தேன். கையைத் தொட்டாவது பார்த்தாரா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

ஊரில்தான் காத்திருப்பே கிடையாதே! இறங்கிய மறுநாளே ஒரு சர்ஜனைப் பார்த்தேன். அவரும் கொழுப்புக் கட்டி என்றார். "நாளைக்கு வாங்க, மரத்துப்போக ஒரு ஊசி, பத்து நிமிஷத்தில் எடுத்துடலாம்." அங்கே ஆமை, இங்கே குதிரை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அக்காதான் விடாமல் இன்னொருவரிடம் இழுத்துப் போனாள்.

இவர் வயதானவர். பேசிக்கொண்டே கட்டியைப் பிடித்து அசைத்தார். பக்கவாட்டில் நகர்ந்தது, மேலும் கீழும் நகரவில்லை. அப்புறம் நடுவிரலால் அதன்மேல் ஒரு தட்டு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் சுரீரென்று ஓடியது. துள்ளிவிட்டேன். "கொழுப்பைத் தட்டினால் ஷாக் அடிக்காது தம்பி. இது நரம்பு."

சின்ன வயதில் வயிற்றைத் தட்டிப் பார்த்தே மருந்து எழுதிய டாக்டர்களின் கை அது. இன்னும் இருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது. ஷாக் அடித்ததாலும் இருக்கலாம்.

உடம்பில் பழுப்புத் திட்டுகள் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படிக் கட்டிகள் உண்டா, வேகமாக வளர்ந்ததா, சும்மா இருக்கும்போதும் வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். எம்ஆர்ஐ படத்தில் கட்டியின் இரு முனையிலும் நரம்பு வால்போல நீண்டு தெரிந்தது. ஷ்வானோமா; நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களில் முளைப்பது, புற்றுநோய் அல்ல என்றார்.

அறுவை சிகிச்சை மைக்ரோஸ்கோப் வைத்துத்தான். லேசான மின்தூண்டல் கொடுத்து, விரல் துடிக்காத இடமாகப் பார்த்து, உறையை நரம்பின் நீளவாக்கில் கீறி, உருண்டையை மட்டும் பிதுக்கி எடுத்தார்களாம். நியூரோஃபைப்ரோமா என்ற இன்னொரு வகை நரம்புக் கட்டியாக இருந்தால் இழைகளோடு பின்னிக் கிடக்கும், இவ்வளவு சுலபமாக வராது என்றார். அந்தப் பத்து நிமிஷ வேலையில் நரம்பையும் சேர்த்து வெட்டியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டி, "இதைச் செய்ய முடியாது" என்றார். விமானத்தில் திரும்பும் வழியெல்லாம் அதையே செய்துகொண்டு வந்தேன்.

பெருவிரல் நுனி இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது. இங்கே குடும்ப மருத்துவர் திசுப் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டு, நரம்புக் கட்டி என்று முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டார். விரலால் தட்டிப் பார்த்தார்கள் என்றேன். அதையும் தட்டச்சு செய்துகொண்டார்.