ஹெரிட்டன்ஸ் கண்டலம: மலைச்சரிவில் கட்ட நினைப்பவர்கள் தங்கிப் பார்க்க வேண்டிய ஓட்டல்

மலைச்சரிவில் வில்லாவோ ரிசார்ட்டோ கட்டப்போகிறோம், எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர், இலங்கையில் தம்புள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெரிட்டன்ஸ் கண்டலம. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, 1994இல் திறந்தார்கள். 152 அறைகள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். தனி வில்லாக்கள் கிடையாது, ஒரே கட்டடம்தான். ஆனாலும் சரிவு, மழை, வெயில் மூன்றுக்கும் ஒரு கட்டடம் எப்படி விடை சொல்ல வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் நம் பக்கத்தில் அரிது. சாப்பாடு, மெத்தை, வரவேற்பு பற்றிய மதிப்பீடுகள் நிறையவே இருக்கின்றன. இது கட்டடத்தைப் பற்றியது.

கண்டலமவின் படத்தைக் காட்டி "இது மாதிரி வேண்டும்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது அந்தக் கொடிகளைத்தான். முகப்பு முழுக்கப் பச்சை, கட்டடமே தெரியாது. உண்மையில் எடுத்துக்கொள்ள வேண்டியது கொடியை அல்ல, கட்டடத்தின் குறுக்குவெட்டை. பாறைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது, கட்டடத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே பாடம்.

முதலில் இடத்தேர்வு. உரிமையாளரான எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் பழைய பாறைக்கோட்டையான சிகிரியாவுக்கு அருகிலேயே கட்டத்தான் நினைத்தது. பாவா அதை ஏற்கவில்லை. ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்து, கண்டலம குளத்துக்கு மேலே பாறை முகடு ஒட்டிய இந்தச் சரிவைக் காட்டினார். அதனால்தான் இன்று குளத்துக்கு அப்பால் தொடுவானில் சிகிரியா தெரிகிறது. காலடியில் கட்டியிருந்தால் அந்தப் பாறையின் முழு உருவமும் ஒருநாளும் கண்ணில் பட்டிருக்காது. நம் ஊரில் மனை வாங்குபவர்கள் உச்சியைத்தான் தேடுகிறார்கள். உச்சியில் காற்று அடிக்கும், தண்ணீரை மேலேற்றப் பம்பு ஓயாது, பாதை போடும் செலவு கட்டடச் செலவைத் தொடும். கண்டலம உச்சியில் உட்காரவில்லை. பாறையில் முதுகைச் சாய்த்து, முகத்தைக் குளத்துக்குக் கொடுத்திருக்கிறது.

வண்டிப்பாதை ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது. குகைவாய் போன்ற முகப்பு, ஒரு பக்கம் பாறை, கொஞ்சம் இருட்டு, அதைத் தாண்டியதும் குளம் திறக்கிறது. அங்கிருந்து அறைகளுக்கு நடைதான். வில்லா ரிசார்ட்டுகளில் பெரும்பாலானவை தோற்பது இங்கேதான்: ஒவ்வொரு வில்லா வாசலுக்கும் கார் போக வேண்டும் என்பார்கள். 20 டிகிரிச் சரிவில் 5.5 மீட்டர் அகலப் பாதை வெட்டினால் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே 2 மீட்டர் உயர வித்தியாசம் வரும். அதற்கு மேலே ஒரு தாங்குசுவர், ஓரத்தில் வடிகால், கீழே நிரப்பிய மண்ணுக்குச் சரிவு என்று கூட்டிப் பார்த்தால் 8, 9 மீட்டர் மலை காயப்பட்டுவிடும். காரை நுழைவாயிலிலேயே நிறுத்திவிட்டு, 2 முதல் 2.5 மீட்டர் அகலத்தில் பேட்டரி வண்டிப் பாதை போட்டால் போதும். ஏற்றம் எட்டுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது.

இனி தண்ணீர். கண்டலம தூண்களின் மேல் நிற்கிறது. மலையிலிருந்து வரும் மழைநீர் கட்டடத்துக்கு அடியில் புகுந்து, குளத்தை நோக்கித் தன் போக்கில் போகிறது. இது அழகுக்காகச் செய்ததல்ல. பாறை தண்ணீரை உறிஞ்சாது. விழுவதெல்லாம் உடனே கீழே வரும். 1,000 சதுர மீட்டர் பாறைமுகத்தில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை பெய்தால் விநாடிக்கு சுமார் 28 லிட்டர் வரும். வடகிழக்குப் பருவமழையில் இந்த வேகம் புதிதல்ல. அதன் குறுக்கே சுவர் எழுப்பினால், சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும், மண் கனக்கும், சுவர் முதலில் வயிறு தள்ளும், பிறகு விழும். தாங்குசுவர்கள் பெரும்பாலும் மண்ணின் பாரத்தால் விழுவதில்லை. பின்னால் வடிய வழியில்லாத தண்ணீரால்தான் விழுகின்றன.

வில்லாவுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரிச் சரிவில் 10 மீட்டர் ஆழமுள்ள வீடு என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் 3.6 மீட்டர் இறக்கம். ஜேசிபி வைத்துப் பாதியை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் நிரப்பி மட்டமாக்குவதுதான் வழக்கம். வீட்டின் பாதி உறுதியான மண்ணிலும் பாதி நிரப்பிலும் நிற்கும். இரண்டு மழைக்காலத்துக்குள் நிரப்பு அமர்ந்து, சரியாக நடுவில் விரிசல் ஓடும். அதற்குப் பதில் பின்பக்கத் தூண் குட்டையாகவும் முன்பக்கத் தூண் 3.6 மீட்டராகவும் விட்டு, அவற்றைக் குறுக்கு பீம்களால் கட்டிவிடலாம். பாறை கிடைத்தால் உளுத்துப்போன மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, துளையிட்டு, கம்பி இறக்கி, கிரவுட் என்னும் சிமென்ட் கூழ் ஊற்றி அடித்தளத்தைப் பூட்ட வேண்டும். எத்தனை கம்பி, எவ்வளவு ஆழம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். மேஸ்திரி சொல்லக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. கண்டலம பாறைச்சரிவு. நீலகிரியும், இலங்கை மலைநாட்டின் எல்ல என்ற ஊரும் ஆழமான மண் உள்ள சரிவுகள். பாறையில் செய்ததை மண்ணில் அப்படியே செய்ய முடியாது. மண் உள்ள சரிவில் மண் பரிசோதனை இல்லாமல் ஒரு மீட்டர்கூட வெட்டாதீர்கள். வீட்டுக்கு மேலே 3 முதல் 5 மீட்டர் தள்ளி, சரிவுக்குக் குறுக்காக ஒரு தடுப்பு வாய்க்கால் முதலில் வெட்ட வேண்டும். நூற்றுக்கு ஒன்று வாட்டம் (சாய்வு), அடியில் கான்கிரீட் பூச்சு, முடிவில் படிக்கட்டாக இறங்கும் வடிகால். வீட்டு வேலை தொடங்குமுன் இது முடிந்திருக்க வேண்டும். தாங்குசுவர் தவிர்க்க முடியாத இடங்களில் தண்ணீர் வடிய 75 மி.மீ. குழாயை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வைத்து, பின்னால் ஜல்லியும் வடிகட்டித் துணியும் போட வேண்டும். துணி இல்லாமல் ஜல்லி மட்டும் போட்டால் சேறு அடைத்து, குழாய் வெறும் அலங்காரமாக நிற்கும். இலங்கையின் மலை மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதியையும், தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் அதற்கான சிறப்பு அனுமதியையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கண்டலமவின் கூரை தட்டைதான், அதன் மேல் செடிகள். வெயிலின் சூட்டை மண் தாங்கிக்கொள்கிறது. மேல்மாடி அறை கொதிக்காது. பார்க்க எளிது, செய்யக் கடினம். 150 மி.மீ. மண் நனைந்தால் சதுர மீட்டருக்கு 270 முதல் 300 கிலோ. தளத்தை அதற்கென்றே கணக்கிட்டிருக்க வேண்டும். பழைய தளத்தின் மேல் ஆசைப்பட்டு ஏற்றக் கூடாது. வரிசை இது: எண்பதுக்கு ஒன்று வாட்டத்தோடு தளம், அதன் மேல் நீர்த்தடைப் பூச்சு, வேர்த் தடுப்பு விரிப்பு, பாதுகாப்புச் சாந்து, 50 மி.மீ. ஜல்லி, வடிகட்டித் துணி, கடைசியில் மண். மண் கொட்டுவதற்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் பிறகு ஒரு சின்னக் கசிவைத் தேடிக் கூரை முழுவதையும் தோண்டுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது இரண்டு வடிவாய். ஒன்றை இலை அடைத்தால் மற்றொன்று காப்பாற்றும்.

இப்போது கொடிக்கு வருவோம். கண்டலமவில் கொடி சுவரில் ஏறவில்லை. கான்கிரீட் சட்டத்துக்கு வெளியே தனியாக ஒரு மரச்சட்டம் நிற்கிறது, அதில்தான் படர்ந்திருக்கிறது. பாவாவின் கைவண்ணத்தில் இதை மிக உயர்வாக மதிக்கலாம். சுவரில் ஏறிய கொடி பூச்சைப் பெயர்க்கும், ஓதம் கொண்டுவரும், எறும்புக்கு வழி போடும். தள்ளி நிற்கும் சட்டம் வெயிலை மட்டும் வாங்கிக்கொள்கிறது. அதன் தேவை எங்கே என்பதற்கும் கணக்கு உண்டு. இந்த அகலாங்கில், அதாவது வடக்கு 8 டிகிரியில், மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் மாலை 4 மணிச் சூரியன் தொடுவானிலிருந்து 30 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். 2.1 மீட்டர் உயர மேற்குக் கண்ணாடிக்கு நிழல் தர 3.6 மீட்டர் சன்ஷேடு வேண்டும். யாரும் கட்டமாட்டார்கள். ஆகவே மேற்கில் செங்குத்தான மறைப்புதான் வழி: கொடி, மரச்சட்டம், இல்லையென்றால் கண்ணாடியே வைக்காமல் விடுவது. வடக்கில் ஜூன் மாத நண்பகல் வெயிலுக்கு 60 செ.மீ. சன்ஷேடு போதும், தெற்கில் டிசம்பருக்கு 1.3 மீட்டர். ஆனால் மழைச்சாரலுக்காக எந்தப் பக்கமானாலும் 1.2 மீட்டருக்குக் குறைக்காதீர்கள். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆள் நடக்க 75 செ.மீ.யாவது விடுங்கள். மழைக்காலத்தில் சில வாரங்களுக்கொருமுறை வெட்டிவிடாவிட்டால் அறை இருண்டுவிடும். தோட்டக்காரர் சம்பளத்தைக் கட்டுமானக் கணக்கோடு சேர்த்தே பாருங்கள்.

நடைபாதைகள் பாறைப் பக்கம், அறைகள் குளத்துப் பக்கம். அறைகள் ஒரே வரிசையில்தான். நடைபாதைக்கு ஏசி கிடையாது, தேவையும் இல்லை: பாறை நிழலும் ஓடும் காற்றும் போதும். சில இடங்களில் பாறையே உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை உடைக்காமல் கட்டடம் ஒதுங்கிப் போகிறது. லக்கி சேனாநாயக்கவின் பெரிய ஆந்தைச் சிற்பம் தொங்கும் படிக்கட்டை நின்று பார்க்காமல் யாரும் போகமாட்டார்கள்.

அறைகளில் ஏசி உண்டு. குளியலறையிலும் பெரிய ஜன்னல், வெளியே மரங்கள். வெளிக்காற்று 28 டிகிரியாகவும் ஈரப்பதம் 80 சதவீதமாகவும் இருக்கும்போது பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 டிகிரி. ஏசியை 20இல் வைத்தால் கண்ணாடி வெளிப்புறம் வியர்க்கலாம், காட்சி மங்கலாம். 25இல் வைத்து மின்விசிறி போடுவது சரியான வழி. சொந்தமாகக் கட்டுபவர்கள் ஏசி இல்லாமலே ஓர் இரவு தூங்க முடிகிற மாதிரி எதிரெதிர் திறப்புகள் வைக்கட்டும். மின்சாரம் போகும் நாளில் அருமை தெரியும்.

எல்லாருக்கும் ஏற்ற இடமா? இல்லை. நீளம் அதிகம், நடை அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் வரவேற்புக்கு அருகில் அறை வேண்டுமென்று பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். குரங்குகள் பால்கனிக்கு வரும். கதவைத் தாழிடாமல் வெளியே போகக் கூடாது. கீழ்மாடிகளில் இலை நெருக்கம், வெளிச்சம் குறைவு. குளம் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் மேல்மாடி கேளுங்கள். வெள்ளை வெளேரென்ற பளபளப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தக் கான்கிரீட்டும் நிழலும் பிடிக்காது.

கட்டத் தொடங்கியபோது ஊர்மக்களும் பிக்குகளும் எதிர்த்தார்கள். குளம் விவசாயத்துக்கு; ஓட்டலின் கழிவு அதில் கலந்துவிடும் என்ற பயம் நியாயமானது. கழிவுநீரை இங்கேயே சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சும் ஏற்பாடு அதற்கான பதில். 2000இல் பசுமைக் கட்டடங்களுக்குத் தரப்படும் லீட் சான்றிதழும் கிடைத்தது. மலைச்சரிவு வில்லாக்களில் கடைசிவரை யாரும் நினைக்காத பகுதி இதுதான். மேலே இருக்கும் வில்லாவின் உறிஞ்சுகுழி கீழே இருக்கும் வில்லாவின் தாங்குசுவரில் கசியும். ஆளுக்கு நாளைக்கு 200 லிட்டர் என்றே வைத்தாலும், நான்கு பேர் தங்கும் பத்து வில்லாக்களிலிருந்து 8,000 லிட்டர் அந்தச் சரிவுக்குள் இறங்கும். தனித்தனிக் குழிகள் வேண்டாம். எல்லாவற்றையும் குழாயில் இறக்கி, அடிவாரத்தில் ஒரே சுத்திகரிப்பு நிலையம்.

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று. வானம் தெளிவாக இருக்கும், படம் எடுக்க நல்லது. கட்டடத்தைப் படிக்க வருபவர்கள் நவம்பர், டிசம்பரில் வாருங்கள். மழை பெய்யும்போது அறையில் இருக்காமல் பாறைப் பக்க நடைபாதையில் நின்று, தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தத் தூணைச் சுற்றிப் போகிறது, தரையை அரிக்காமல் எப்படி அடுத்த மட்டத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள். அளவுநாடாவும் கைவிளக்கும் கொண்டுபோங்கள். கட்டடத்தின் அடிப்பக்கம் பகலிலும் இருட்டு.