குல்மார்க்கா ஆலியா, ஜோடியா ஸ்கீயிங் போக எது?

நானும் வீட்டுக்காரரும் சென்னைல ஸ்வெட்டரே தொடாத ஆளுங்க, ஆனா ரெண்டு இடமும் போயிட்டு வந்துட்டோம், அதனால சொல்றேன்.

குல்மார்க் ஸ்ரீநகர்ல இருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான், ஆனா பனி கொட்டுச்சுனா தங்மார்க்ல டயருக்கு சங்கிலி மாட்டித்தான் மேல ஏத்துவாங்க, எங்க டிரைவர் அண்ணா கையுறை கூட இல்லாம பனில மண்டி போட்டு மாட்டுனாரு, விரலெல்லாம் செவந்து போச்சு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. கொண்டோலாங்குற ரோப்கார் அபர்வத் மலைல கிட்டத்தட்ட 3,980 மீட்டர் வரைக்கும் போகும், காத்து ஜாஸ்தியானா நிறுத்திடுவாங்க, எங்களுக்கு ரெண்டு நாள் அப்படியே போச்சு. மேல பனிச்சரிவு பயம் நெஜமாவே உண்டு, பழகாதவங்க கீழ இருக்குற சரிவுலயே கத்துக்கோங்க, கைடு இல்லாம மேல போகவே போகாதீங்க.

உத்தரகாண்ட்ல இருக்குற ஆலிக்கு ரோடு பயணம்தான் பெருசு. ரிஷிகேஷ்ல இருந்து ஆலிக்குக் கீழ இருக்குற ஜோஷிமட் ஊரு சுமார் 250 கிலோமீட்டர், முழு நாள் ஆகும், ஆனா வழில தேவப்பிரயாக்ல பாகீரதியும் அலக்நந்தாவும் ரெண்டு நிறமா வந்து சேர்றத பாத்துட்டு அவரு பேசவே இல்ல, கைய மட்டும் புடிச்சுக்கிட்டாரு. ஆலில சரிவும் ரொம்ப செங்குத்து இல்ல, எதிர்ல நந்தாதேவி சிகரம். ஆனா சில வருஷம் பனியே சரியா விழாது.

கார் பயணம்தான் முக்கியம்னா ஆலி, ஸ்கீயிங்தான்னா கண்ண மூடிட்டு குல்மார்க், ரெண்டு நாள் கூடுதலா லீவு போட்டுட்டு போங்க.