எஃப்எச்ஏ கடனும் நானும்: கழற்ற முடியாத இன்சூரன்ஸ்

போன வாரம் ஆபீஸ் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "அண்ணா, கிரீன் கார்டு வந்துடுச்சு. கையில பெருசா சேமிப்பு இல்ல. எஃப்எச்ஏ எடுத்து வீடு வாங்கலாமா?" எஃப்எச்ஏ என்பது அமெரிக்காவில் கொஞ்சம் முன்பணத்தோடு வீடு வாங்க, அரசு அமைப்பு ஒன்றின் காப்பீட்டோடு கிடைக்கும் கடன். தம்பி கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் என் எஃப்எச்ஏ கடனின் மாத ஸ்டேட்மெண்டைத் திறந்து, அதில் இன்சூரன்ஸ் 145 டாலர் என்று நிற்கும் அந்த ஒரு வரியைப் பார்த்துப் பல்லைக் கடித்திருந்தேன். "வேண்டாம்டா தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கதை இது. 2019 ஏப்ரலில் ஒஹாயோவில் 2,60,000 டாலருக்கு வீடு வாங்கினோம். அப்போது எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தேன். அந்த விசாவுக்கும் எஃப்எச்ஏ கிடைத்த காலம் அது. 2025 மே 25-க்குப் பிறகு அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். கையிலிருந்து போடும் முன்பணம், அதாவது டவுன் பேமெண்ட், 3.5 சதவீதம்: 9,100 டாலர். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் கிரெடிட் ஸ்கோர் 580 இருந்தாலே இந்த 3.5-க்குத் தகுதி உண்டு என்பது விதி. 20 சதவீதம் சேர்க்கும்வரை காத்திருந்தால் இன்னும் அபார்ட்மெண்ட் வாடகைதான் கட்டிக்கொண்டிருந்திருப்பேன். இந்த ஒரு விஷயத்துக்காக எஃப்எச்ஏவுக்குக் கும்பிடு போடலாம்.

இதில் அரசாங்கம் நமக்குக் கடன் கொடுக்கிறது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். கொடுப்பது வங்கி மாதிரியான சாதாரண லெண்டர்தான். நாம் கட்டாமல் போனால் லெண்டருக்கு வரும் நஷ்டத்தை எஃப்எச்ஏ ஈடுகட்டும். 1934-லிருந்து இதுதான் ஏற்பாடு. அந்தக் காப்பீட்டுக்கான பிரீமியம் மட்டும் நம் பாக்கெட்டிலிருந்து போகிறது. காப்பாற்றப்படுவது அவர், காசு கட்டுவது நான். ஏழு வருடமாக இது ஜீரணமாகவில்லை.

பிரீமியம் இரண்டு வகை. வீடு கைமாறும் க்ளோசிங்கின்போது கடன் தொகையில் 1.75 சதவீதம், எனக்கு அது 4,390 டாலர், கடனிலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கு மேல் வருடத்துக்கு 0.85 சதவீதம், மாதத் தவணையோடு வரும். ஆரம்பத்தில் 175 டாலரைத் தொட்டது. 2023 மார்ச்சில் புதுக் கடன்களில் பெரும்பாலானவற்றுக்கு இதை 0.55 ஆகக் குறைத்தார்கள். பழைய ஆட்களுக்கு ஒன்றும் கிடையாது.

கடன் ஏற்பாடு செய்த ஆள், "வீட்டில் உங்கள் பங்கு 20 சதவீதம் வந்ததும் இன்சூரன்ஸ் கழன்றுவிடும் சார்" என்றார். நம்பினேன். 2022-ல் அக்கம்பக்கத்து விலைகள் ஏறியதைப் பார்த்து, நீக்கச் சொல்லிக் கடிதம் போட்டேன். இரண்டு வரியில் பதில்: உங்கள் கடனுக்குப் பொருந்தாது. அவர் சொன்னது, அரசுக் காப்பீடு இல்லாமல் தனியார் இன்சூரன்ஸோடு வரும் கன்வென்ஷனல் கடனுக்கான விதி. 1998-ல் வந்த சட்டப்படி, அங்கே கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் நாம் கேட்கலாம். 78-க்கு வந்தால் தானாகவே நீங்கும். எஃப்எச்ஏவில் 2013 ஜூன் 3-க்குப் பிறகு 10 சதவீதத்துக்குக் குறைவாக டவுன் பேமெண்ட் போட்டவர்களுக்கு இது கடன் முடியும்வரை உண்டு. 10 சதவீதம் போட்டிருந்தால் 11 வருடம்.

சரி, முழுப் பழியையும் அந்த ஆள் தலையில் போட முடியாது. நடுவில் எனக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. சோம்பேறித்தனத்தால் நானே கெடுத்துக்கொண்டேன்.

2021 ஜனவரி. 30 வருட வட்டியின் சராசரி 2.65 சதவீதத்துக்கு, வரலாறு காணாத அளவுக்கு, இறங்கியிருந்த மாதம். என்னுடையது 4.75. லெண்டரே கூப்பிட்டு ஸ்ட்ரீம்லைன் ரீஃபைனான்ஸ் செய்யலாம் என்றார். பழைய கடனைப் புதுக் கடனால் அடைத்து, எஃப்எச்ஏவிலிருந்து எஃப்எச்ஏவுக்கே சுலபமாக மாறும் வழி அது. பழைய கடனுக்கு 210 நாள் ஆகியிருக்க வேண்டும், ஆறு தவணையாவது கட்டியிருக்க வேண்டும், மாறுவதால் நமக்கு உண்மையிலேயே லாபம் இருக்க வேண்டும். அப்ரைசல், அதாவது ஆள் வந்து வீட்டைப் பார்த்து மதிப்புப் போடுவது, கிடையாது. சம்பளச் சீட்டுகூடக் கேட்கவில்லை. க்ளோசிங் செலவைக் கடனில் சேர்க்க முடியாது என்பதால் அதை மட்டும் கையிலிருந்து கட்டினேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, முகக்கவசத்தோடு வந்த நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு முடித்தேன். 2.875 சதவீதம். அசலும் வட்டியுமாக 1,332 டாலராக இருந்த தவணை 1,042 ஆனது. மூன்று வருடத்துக்குள் மாறியதால் முதலில் கட்டிய 1.75 சதவீதத்தில் ஒரு பங்கைக் கழித்தும் கொடுத்தார்கள், புதிதாக 1.75-ஐ மறுபடி ஏற்றவும் செய்தார்கள்.

அன்றைக்கு ஒரு அப்ரைசல் செய்து கன்வென்ஷனலுக்கு மாறியிருந்தால் வட்டி ஏறக்குறைய அங்கேதான் நின்றிருக்கும், இன்சூரன்ஸும் இந்நேரம் போயிருக்கும். ஆனால் எனக்கு அப்ரைசல் என்றாலே பயம். 2019-ல் வந்த எஃப்எச்ஏ அப்ரைசர் கராஜின் பின் ஜன்னல் சட்டத்தில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் உரிந்திருந்ததைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடு 1964-ல் கட்டியது. 1978-க்கு முந்தைய வீடு என்றால் ஈயப் பெயின்டாக இருக்கலாம். சுரண்டிப் புதிதாக அடிக்காமல் கடன் நகராது. மார்ச் மாத ஒஹாயோ குளிரில் விற்பவர் மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருந்து பெயின்ட் அடித்தார். அதைப் பார்க்க அப்ரைசர் மறுபடி வந்ததற்கு நான் பணம் கட்டினேன். அந்த நினைப்பில்தான், அப்ரைசல் இல்லை என்றதும் வேறு எதுவும் கேட்காமல் தலையாட்டினேன்.

இப்போது இரண்டு பக்கமும் இடிக்கிறது. இன்சூரன்ஸைக் கழற்ற ஒரே வழி கன்வென்ஷனலுக்கு மாறுவது, அதற்கு 6.25 சதவீதம் சொல்கிறார்கள். மீதி 2,22,000 சொச்சத்துக்கு மறுபடி 30 வருடம் என்றால் தவணை 1,370 டாலர். இப்போது இன்சூரன்ஸையும் சேர்த்தே 1,187தான். 145 டாலரை விரட்ட மாதம் 180 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும்! என் 2.875 வட்டியைப் பார்த்தால் சந்தோஷம், அதற்குக் கீழே இருக்கும் வரியைப் பார்த்தால் எரிச்சல், இரண்டும் ஒரே தாளில்.

ஒரு ஆறுதல் உண்டு. எஃப்எச்ஏ கடனை வீடு வாங்குபவர், தகுதி இருந்தால், அதே வட்டியோடு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். நாளைக்கு விற்கும்போது 2.875 என்று சொன்னால் கூட்டம் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தம்பியை மறுபடி கூப்பிட்டேன். அவரிடம் இரண்டு லோன் எஸ்டிமேட், அதாவது கடன் விவரங்களை லெண்டர் எழுதித் தரும் தாள், வந்திருந்தது. முதல் பக்கத்தில் வருடவாரியாகத் தவணை காட்டும் கட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். கன்வென்ஷனல் தாளில் இரண்டு பத்தி. பத்தாம் வருடத்திலிருந்து இன்சூரன்ஸ் இடத்தில் வெறும் கோடு. எஃப்எச்ஏ தாளில் ஒரே பத்தி, 1 முதல் 30 வரை. என் 2019 தாளை ஃபைலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. கீழே என் கையெழுத்து.

அவருக்கு ஸ்கோர் 640. அந்த ஸ்கோருக்குக் கன்வென்ஷனலில் வட்டியும் இன்சூரன்ஸும் சேர்ந்து எஃப்எச்ஏவைவிட அதிகமாகவே வருகிறது. "எஃப்எச்ஏவையே எடுத்துக்கோடா" என்று சொல்லிவிட்டேன். வீட்டைப் பார்க்கப் போகும்போது கராஜுக்குப் பின்பக்கமும் ஒரு நடை போய் ஜன்னலைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்து வைத்திருக்கும் வீடு 1957-ல் கட்டியதாம்.