1:43 பேன்டம் கோர்சேர் மாடல் வாங்கும் முன்: நகல் வார்ப்பு ஒன்று விற்பனையில் சுற்றுகிறது

"கையால் செய்த லிமிடெட் எடிஷன், ரெசின், அசல் பெட்டியோடு" என்று விளம்பரம், பேன்டம் கோர்சேர் காரை 43-ல் ஒரு பங்காகச் சுருக்கிய (1:43) மாடலுக்கு. ரெசின் என்பது அச்சில் ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக். வந்து இறங்கியதோ யாரோ செய்த மாடலை அச்செடுத்து மறுபடி வார்த்த நகல். விற்றவர் பணத்தைத் திருப்பவில்லை. அதே படங்களோடு விளம்பரம் மறுபடி ஓடுகிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

இந்தக் காரை வைத்து ஏமாற்றுவது சுலபம். ரஸ்ட் ஹெயின்ஸ் வடிவமைத்து, 1938-ல் கலிபோர்னியாவில் பாசடீனாவின் போமன் அண்ட் ஷ்வார்ட்ஸ் பட்டறை, கார்ட் 810 என்ற காரின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டிய வண்டி. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அமெரிக்காவின் ரீனோ நகர கார் மியூசியத்தில் நிற்கிறது. நேரில் பார்த்தவர்கள் குறைவு என்பதால் எதைக் காட்டினாலும் "இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

வெர்னியரை (துல்லியமாக அளக்கும் கருவி) எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். காரின் நீளம் 237 அங்குலம், 6.02 மீட்டர். 43-ஆல் வகுத்தால் 140 மி.மீ. உயரம் 57 அங்குலம், மாடலில் 33.7 மி.மீ. எனக்கு வந்த மாடலின் நீளம் 138 மி.மீ-ஐக்கூடத் தொடவில்லை. முடிந்த மாடலைச் சுற்றி சிலிகான் ஊற்றி அச்செடுத்து, அதில் ரெசின் வார்க்கும்போது இரண்டுமே கொஞ்சம் சுருங்கும். அதனால் நகல் அசலைவிடச் சிறியதாகத்தான் வரும். ஆனால் சில அசல் மாடல்களே அளவு தப்பியிருக்கும், ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அடுத்து கிரில், அதாவது காரின் முன்பக்கக் கம்பித் தடுப்பு. நல்ல தயாரிப்பாளர்கள் அமிலத்தில் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகட்டைத் தனியாகப் பொருத்துவார்கள், கம்பிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். நகலில் அது உடம்போடு ஒரே கட்டியாக வார்க்கப்பட்டு, மேலே வெள்ளிப் பெயிண்ட் பூசியிருக்கும். வீல் ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால், ரெசினில் சிக்கிய காற்றை வெளியேற்றாமல் அவசரத்தில் வார்த்தது. வெளிப்பக்கத்தில் புட்டி போட்டு மறைத்திருப்பார்கள், உள்ளே யாரும் மெனக்கெடுவதில்லை.

காரைப் பற்றித் தெரியாமல் "திருத்தம்" செய்து மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. கோர்சேரின் கதவுக்கு வெளியே கைப்பிடியே கிடையாது, பொத்தானை அழுத்தித் திறப்பது. முன்வரிசையில் நான்கு பேர், அதில் ஒருவர் ஓட்டுநருக்கு இடதுபுறம். ஆகவே ஸ்டீயரிங் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தால் தப்பு. 1950-களில் கார் வடிவமைப்பாளர் ஆல்பிரெக்ட் கோயர்ட்ஸ் இதன் முன்பகுதியை மாற்றினார், பிறகு இதை வாங்கிய கார் சேகரிப்பாளர் வில்லியம் ஹாரா பழைய வடிவத்துக்கே கொண்டுவந்தார். மாற்றிய மூக்கையும் 1938 என்ற பெயர்ப்பலகையையும் ஒன்றாகப் பார்த்தால் கேள்வி கேளுங்கள்.

எண் பொறித்த பலகையை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்லை. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய பலகையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

பணம் அனுப்பும் முன் நான்கு படம் கேளுங்கள்: அடிப்பாகம், வீல் ஆர்ச் உள்பக்கம், கிரில் நெருக்கத்தில், வெர்னியர் வைத்த நீளம். ஒவ்வொன்றிலும் அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டு இருக்கட்டும். இந்த விற்பனையாளர் முன்பக்கச் சாய்வுக் கோணத்தைத் தவிர வேறெதையும் தரவில்லை. புகார் செய்ததும் "கூரியரில் அடிபட்டிருக்கும்" என்றார், பிறகு திருப்பி அனுப்பும் கெடு தாண்டும்வரை "பார்த்துச் சொல்கிறேன்" என்று இழுத்தார்.

பணத்தை நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதில் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. பார்சலை வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் விற்பனைத் தளத்திலேயே எழுத்தில் புகாரைப் பதியுங்கள், தனிச் செய்தியில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அது முடியும்வரை கழன்ற பாகத்தை ஒட்டவோ பாலிஷ் போடவோ கூடாது. தொட்டுவிட்டால் "நீங்கள் உடைத்தது" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.