திரையில்லாத பள்ளியா, அரச பாடசாலையா?

மட்டக்களப்பில் பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போகிற பலர் போன், கணினி என்று எந்தத் திரையும் பிள்ளைக்குக் காட்டாத பள்ளிக்கும் அரச பாடசாலைக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: அரச பாடசாலையில் படிப்பும் புத்தகமும் இலவசம். திரையில்லாத பள்ளி, அதாவது 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய வால்டோர்ஃப் போன்ற முறை என்றால் தனியார்தான், மாதாமாதம் காசு, தூரமென்றால் வேன் காசும்.

படிப்பு: திரையில்லாத பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளை மா பிசையும், களிமண் குழைக்கும், கதை கேட்கும், எழுத்து ஆறேழு வயதில்தான். அரச பாடசாலையில் எழுத்தும் கணக்கும் உடனே, அப்புறம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, அதற்கு ரியூசன், விளையாட நேரமே கிடைக்காது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விசயம்.

இடையில் மாறுவது: திரையில்லாத பள்ளியிலிருந்து அரச பாடசாலைக்கு வரும் பிள்ளை எழுத்தில் பின்தங்கலாம். வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

வசதியும் பொறுமையும் உள்ளவர்களுக்குத் திரையில்லாத பள்ளி சரி. மற்றவர்களுக்கு அரச பாடசாலையே போதும், ஆனால் வீட்டில் போனைக் கையில் கொடுக்காமல் பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் ஓடவிடுங்கள்.