பனங்கை ஊஞ்சல்: ஐந்து வருஷத்துக்குப் பிறகு

“பிள்ளைக்கு வெளியில ஒரு ஊஞ்சலும் சறுக்கும் அடிக்கணும், எந்த மரம் போடலாம் அத்தான்?” என்று போன வாரம் மச்சினன் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் சின்னவளின் உள்ளங்கையிலிருந்து மூன்று துண்டாகச் சிலாம்பு எடுத்திருந்தேன். பனஞ்சிலாம்பு. கருப்பு என்பதால் தோலுக்கடியில் நன்றாகத் தெரியும். ஊசியை வைத்தால் ஒடிந்து இன்னும் உள்ளே போகும்.

எங்கள் வீட்டு ஊஞ்சல் 2020 ஊரடங்கில் செய்தது. திசையன்விளைப் பக்கம் ஆச்சி வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது கிடைத்த பனங்கைகளை, அதாவது பனையில் அறுத்த கூரைச் சட்டங்களை, பாளையங்கோட்டைக்கு ஏற்றி வந்தேன். கால், உத்தரம், ஏணி எல்லாம் பனை. மேடைக்கு மட்டும் வேப்பம்பலகை. நிற்கிற பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்துவிட்டது. இனிமேல் பழைய வீட்டுப் பனை கிடைத்தால்தான் உண்டு.

உறுதியைக் குறை சொல்ல வாயில்லை. தெருப் பையன்கள் நாலு பேர் ஒன்றாகத் தொங்கியும் உத்தரம் ஒரு நூல் தொய்யவில்லை. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்; துளை போட்டு போல்ட் முடுக்கினோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றது. போல்ட் துருப்பிடித்தது, பனை அப்படியே இருந்தது. ஆனால் பனைக்கு வெளிவட்டம்தான் வைரம், நடுவில் வெறும் சோறு. ஏணியில் சோறு ஒட்டிய ஒரு படியை ஆசாரி கவனிக்காமல் வைத்துவிட்டார். முதல் ஐப்பசி மழையிலேயே அது உளுத்துப் போனது.

மூன்று காலைக் கான்கிரீட்டின் மேல் இரும்புத் தகட்டில் நிறுத்தினோம். நாலாவது காலை மட்டும் அவசரத்தில் மண்ணில் புதைத்தோம். அது சரியாக மண்மட்டத்தில் மக்கியது. அதற்கு மேலேயும் கீழேயும் கல் மாதிரி இருக்கிறது. எந்த மரமானாலும் ஈரமும் காற்றும் சேருகிற அந்த இடத்தில்தான் அடிவாங்கும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசலாம் என்றார் ஆசாரி. கரையான் வராதுதான், பிள்ளைகள் கை பட்டால் தோல் வெந்துவிடும். வேண்டாம் என்றேன்.

வேம்பு கசக்கும், கரையான் தொடாது என்று நம்பியிருந்தேன். நடுவிலிருக்கிற வைரத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கிற மெத்தென்ற வெள்ளையைத் தின்றிருக்கிறது. இந்த மாசம் இரண்டு பலகை மாற்றினேன். தேக்கிலும் இதே கதைதான். வயசு குறைந்த தோட்டத் தேக்கில் வெள்ளைதான் அதிகம்; அதற்குத் தேக்கு என்கிற பேரும் விலையும் மட்டுமே உண்டு. உளுக்காமலிருக்க மருந்தேற்றிய பைன் நல்லதா என்றும் மச்சினன் கேட்டான். ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தை அமெரிக்காவிலேயே வீட்டு உபயோகத்துக்கு, விளையாட்டுச் சாமான் உட்பட, 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். என்ன மருந்து என்று கடைக்காரர் சொல்லாவிட்டால் வாங்காதே என்றேன்.

எல்லாம் சரி, இந்தச் சிலாம்பு! மற்ற மரம் தேய்க்கத் தேய்க்க வழுவழுப்பாகும். பனை தேய்த்த அன்றைக்குப் பளபளக்கும், இரண்டு மாச வெயிலில் நார் மறுபடியும் எழுந்து நிற்கும். சித்திரை வந்தால் உப்புத்தாளும் கையுமாக நான். வார்னிஷ் அடித்தேன், மேற்கு வெயில் பட்ட பக்கம் தோல் தோலாக உரிந்தது. கை பிடிக்கிற இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினேன். கத்திரி வெயிலில் அது கையைச் சுட்டது, பெரியவளே அறுத்து எறிந்துவிட்டாள்.

கை படுகிற இடத்துக்கெல்லாம் பூவரசு போடு, நன்றாக இழையும் என்று மச்சினனிடம் சொன்னேன்.

“அப்ப பனையே வேண்டாம்னு சொல்லுதியளா அத்தான்?”

“அந்தப் பக்கமே போகாதே.”

“சரி, ஊர்ல தொழுவுல கிடக்க மீதி ஆறு பனங்கையை நான் எடுத்துக்கிடட்டா? கார் ஷெட்டுக்கு ஆகும்.”

தரமாட்டேன் என்றேன். பெரியவளுக்கு உயரமாக இன்னொரு ஊஞ்சல் போட வேண்டியிருக்கிறது. உத்தரத்துக்கு வேறு எந்த மரத்தை நம்புவது?