என் இன்டர்வியூ தேதியை எனக்கே விற்றார்: கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஏமாந்த கதையை நாலு பேர் முன்னால் சொல்ல யாருக்குப் பிடிக்கும்? நானும் ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண், "இன்டர்வியூ தேதி சீக்கிரம் வாங்கித் தர யாராவது இருக்காங்களா?" என்று கேட்டிருந்தார். கிரீன் கார்டு தருமுன் குடிவரவு அதிகாரி நடத்தும் இன்டர்வியூ அது. கீழே மூன்று பேர் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அந்த எண் மனப்பாடம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த எண்ணுக்குரியவரின் பெயரைப் போடப்போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது, எங்கள் வக்கீல் வேண்டாம் என்கிறார். பெயர் தெரிந்து அவரைத் தவிர்த்தால் இன்னொருவரிடம் போய் மாட்டுவீர்கள். எப்படிச் செய்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் அமெரிக்காவுக்கு எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவள். படித்து முடித்து, மாணவர் விசாவில் வந்தவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதியான ஓபிடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2023 ஜூலையில் திருமணம். கணவர் இங்கேயே பிறந்த குடிமகன். 2024 ஜூனில் விண்ணப்பித்தோம்: மனைவி என்ற முறையில் எனக்காக அவர் போடும் ஐ-130 மனு, நிரந்தர வசிப்புரிமைக்கு (அதாவது கிரீன் கார்டுக்கு) நான் போடும் ஐ-485, வேலை அனுமதிக்கு ஐ-765. மூன்றும் ஒரே உறையில். குடிவரவு விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் இந்த ஃபார்ம்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, விளக்கக் குறிப்போடு. ஆனால் ஐ-485 ஃபார்மைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கம் பக்கமாகப் போகும். "தப்பா ஒரு டிக் போட்டா என்ன ஆகும்?" என்ற பயம் வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் இந்த "இமிக்ரேஷன் கன்சல்டன்ட்" அண்ணனைக் காட்டினார்.

அண்ணன்தான். முதல் போனிலேயே, "தங்கச்சி, நீங்க கவலையே படாதீங்க, இதுவரைக்கும் நான் போட்ட கேஸ் ஒண்ணு கூட திரும்பி வந்ததில்ல" என்றார். தமிழில் பேசினார். நான் கேட்ட அசட்டுக் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். "நீங்க வக்கீலா?" என்று கேட்கவே தோன்றவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்த நாட்டில் குடிவரவு விஷயத்தில் சட்ட ஆலோசனை சொல்லும் உரிமை இரண்டே வகை ஆட்களுக்குத்தான்: உரிமம் உள்ள வக்கீல், அல்லது அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் (டிஓஜே) அங்கீகரித்த அமைப்பில் வேலை செய்யும் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. மற்றவர்கள் நாம் சொல்வதை ஃபார்மில் எழுதித் தரலாம், அவ்வளவே. அப்படி எழுதித் தந்தாலும், ஃபார்ம் தயாரித்தவர் என்ற பகுதியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் அந்தப் பகுதியைக் காலியாக விட்டிருந்தார்.

அவர் கூலி 1,000 டாலர். அரசாங்கக் கட்டணம் தனியாக 3,100 டாலர் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஐ-485-க்கு 1,440, தாளில் போடும் ஐ-130-க்கு 675, கூடவே போடும் ஐ-765-க்கு 260. கூட்டினால் 2,375. மீதி 725 டாலர் எங்கே போனது என்று நாங்கள் கணக்குப் பார்க்க ஒன்பது மாதம் ஆனது. யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் ரசீது நோட்டீஸில் எவ்வளவு பெற்றுக்கொண்டார்கள் என்று அச்சிட்டே இருக்கும். எங்களுக்குத்தான் அந்த நோட்டீஸ் கைக்கு வரவே இல்லையே.

ஏன் வரவில்லை என்பதில்தான் முழு சூழ்ச்சியும் இருக்கிறது. ஃபார்மில் நாம் குடியிருக்கும் முகவரி வேறு, தபால் வரவேண்டிய முகவரி வேறு என்று தனித்தனியாகக் கேட்பார்கள். தபால் முகவரியில், "மேற்பார்வை இன்னார்" என்று போட ஒரு கட்டமும் உண்டு. அண்ணன் அங்கே தன் பெயரையும் தன் முகவரியையும் எழுதிவிட்டார். "அப்பார்ட்மென்ட்ல லெட்டர் தொலைஞ்சு போகும் தங்கச்சி. எங்கிட்ட வந்தா பத்திரம்" என்றார். சரி என்று தலையாட்டினோம். கையெழுத்துப் பக்கத்தை மட்டும் தனியாக அனுப்பினார், போட்டுக் கொடுத்தோம். முழு விண்ணப்பத்தின் நகல் கேட்டபோது, "ஸ்கேன் பண்ணி அனுப்புறேன்" என்றார். இன்று வரை அனுப்பவில்லை.

வக்கீல் வைத்தால் அவர் ஜி-28 என்ற ஃபார்ம் போட்டுத் தன் பெயரைப் பதிவு செய்வார். நோட்டீஸ் அவருக்கும் போகும், நமக்கும் வரும். இவர் ஜி-28 போட முடியாது, வக்கீல் இல்லையே. அதனால் என் பெயருக்கு வரும் தபாலையே தன் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டார். யுஎஸ்சிஐஎஸ் கணக்குப்படி நான் அவர் வீட்டில் தபால் வாங்குகிறேன், அவ்வளவுதான். கேஸை நடத்துபவர் என்று அவர் அந்தக் கோப்பில் எங்கேயும் கிடையாது.

ரசீது எண்ணையும் முழுதாகத் தரவில்லை. மூன்று ஆங்கில எழுத்து, பத்து இலக்கம், மொத்தம் 13. அது கையில் இருந்தால் போதும், கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். "செக்யூரிட்டிக்காக" என்று கடைசி நாலு இலக்கத்தை மறைத்துப் படம் அனுப்பினார். தாளில் விண்ணப்பித்தவர்களுக்கு ஆன்லைன் கணக்கோடு கேஸை இணைத்துக்கொள்ள ஒரு குறியீட்டுக் கடிதமும் வரும். அதுவும் அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கும். என் பெயரில் தன் மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் திறந்து வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

கைரேகை, புகைப்படம் எடுக்க வரச்சொல்லும் பயோமெட்ரிக்ஸ் கடிதத்தை ஒழுங்காகக் கொடுத்தார். நவம்பரில் வேலை அனுமதி அட்டையும் அவர் மூலமாகவே வந்தது. அதனால் சந்தேகமே வரவில்லை. அதன் பிறகு மௌனம். போன் செய்தால் "க்யூவில இருக்கு" என்பார்.

காத்திருப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அனுபவிக்காதவர்களுக்கு இது புரியாது. எதுவும் நடக்காது, ஆனால் எதையும் முடிவு செய்யவும் முடியாது. வீடு மாறலாமா, வேலை மாறலாமா, ஊருக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் "அது வரட்டும்" என்பதே பதில். ஜனவரியில் அப்பாவுக்கு பைபாஸ் என்று போன் வந்தது. என் நிலையில் இருப்பவர் அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் ஐ-485-ஐக் கைவிட்டதாகக் கணக்கு. அதற்கான ஐ-131-ஐ அண்ணன் போடவே இல்லை. "எதுக்கு வீண் செலவு, தங்கச்சி" என்று சொல்லியிருந்தார். அவசர நிலையில் உள்ளூர் யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்திலேயே அவசரப் பயண அனுமதி கேட்க வழி உண்டு என்பதையும் சொல்லவில்லை. தெரிந்து சொல்லவில்லையா, தெரியாதா, எனக்குத் தெரியாது. அப்பா ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதை வீடியோ காலில் பார்த்தேன். நன்றாக இருக்கிறார் இப்போது. அது வேறு விஷயம்.

நான் உடைந்திருப்பது அவருக்குத் தெரியும். மார்ச் 19 வாக்கில் அவராகவே போன் செய்தார். "ஃபீல்ட் ஆபீஸ்ல நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். 850 டாலர் ஆகும். ரெண்டு வாரத்துல தேதி கைல இருக்கும்." கணவருக்குப் பிடிக்கவில்லை. நான்தான் அழுது பிடிவாதம் பிடித்தேன். 21-ஆம் தேதி, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் வழியாக அனுப்பினோம். ஒரே வாரத்தில் தேதி வந்துவிட்டது! ஏப்ரல் 16. நோட்டீஸின் கீழ்ப்பாதியை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நான் குதித்தேன். அவருக்கு நன்றி சொல்லிக் குரல் பதிவு கூட அனுப்பினேன். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்து "இன்டர்வியூ பயிற்சி", 300 டாலர். ஒரு சனிக்கிழமை ஜூமில் உட்கார்ந்தோம். யார் எந்தப் பக்கம் படுப்பது, யாருடைய பல் துலக்கி என்ன நிறம் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார். நாங்கள் உண்மையான கணவன் மனைவி. எங்களுக்கு எதற்கு மனப்பாடம்? கூடவே இன்னொரு ஆசையும் காட்டினார்: இன்னும் 500 கொடுத்தால் ரெண்டு வருஷ கார்டுக்குப் பதில் பத்து வருஷ கார்டு. இதை யாராலும் விற்க முடியாது. கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால் நிபந்தனையோடு கூடிய இரண்டு ஆண்டுக் கார்டுதான், சட்டம் அப்படி.

கடைசியில், போகிற போக்கில் சொல்வது போல, "ஃபார்ம் யார் நிரப்புனதுன்னு கேட்டா, நாங்களேதான்னு சொல்லிடுங்க" என்றார்.

கணவர் மடிக்கணினியை மூடிவிட்டார். இன்டர்வியூ அறையில் நுழைந்ததும் முதல் வேலையாகக் கையைத் தூக்கி உண்மையே சொல்வேன் என்று உறுதி எடுக்க வேண்டும். உறுதி எடுத்துவிட்டுப் பொய் சொன்னால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு போகாது. குடிவரவு விஷயத்தில் தெரிந்தே சொன்ன பொய் வாழ்நாள் முழுக்கத் துரத்தும்.

மூல நோட்டீஸைக் கேட்டோம். "டாக்குமென்ட் ரிலீஸ்" என்று 150 கேட்டார். கணவர் போலீஸ் என்ற வார்த்தையைச் சொன்னதும் இலவசமாகவே கிடைத்தது. உறையைப் பிரித்தோம். அதன் மேல்பாதியில், அவர் படத்தில் வெட்டிய இடத்தில், நோட்டீஸ் தேதி: மார்ச் 3.

நாங்கள் பணம் அனுப்பியது மார்ச் 21. தேதி ஏற்கெனவே வந்து அவர் மேசையில் பதினைந்து நாளுக்கு மேல் கிடந்திருக்கிறது. உள்ளே ஆளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு வந்த கடிதத்தை என்னிடமே 850-க்கு விற்றிருக்கிறார். நாங்கள் பணம் தர மறுத்திருந்தால்? கடிதத்தைக் கொடுக்காமலே விட்டிருப்பாரோ? சொல்லாமல் கொள்ளாமல் இன்டர்வியூவுக்குப் போகாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக வைத்து நிராகரிக்கலாம். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இன்டர்வியூவுக்கு ஒரு வாரமே இருந்தபோது உண்மையான வக்கீலிடம் ஓடினோம். மாநில வக்கீல்கள் அமைப்பின் (பார்) தளத்தில் பெயரைத் தேடி, உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனோம், புத்தி வந்திருந்தது. அவர் முதலில் கேட்டது, "நீங்கள் தாக்கல் செய்ததன் நகல் எங்கே?" இல்லை என்றோம். பேனாவைக் கீழே வைத்தார். தகவல் அறியும் சட்டப்படி கோப்பைக் கேட்கலாம், ஆனால் ஒரு வாரத்தில் வராது. முகவரியை எங்கள் வீட்டுக்கு மாற்றினார் (வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற ஃபார்ம் வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்), ஜி-28 போட்டார், கூடவே வந்தார்.

இன்டர்வியூ 25 நிமிடம். அதிகாரி மரியாதையான மனிதர். ஐ-485-ஐ வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். கடந்த ஐந்து ஆண்டு வேலை விவரத்தில் "இல்லை" என்று இருந்தது. எங்கள் கூட்டு வரித்தாக்கலிலோ என் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவம் இருக்கிறது, ஓபிடி சம்பளம். "நீங்கள் வேலை பார்த்ததே இல்லையா?" நான் நடந்ததைச் சொன்னேன், யார் நிரப்பினார் என்பதையும் சேர்த்து. அவர் சிவப்புப் பேனாவால் திருத்தினார், திருத்தங்களுக்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார். பல் துலக்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதன்முதலில் எங்கே சாப்பிடப் போனோம் என்று கேட்டார், கணவர் தப்பாகச் சொன்னார், நான் முறைத்தேன், அதிகாரி சிரித்துவிட்டார். மூன்று வாரம் கழித்துக் கார்டு வந்தது. இரண்டு ஆண்டுக் கார்டுதான்.

தேதி தாமதமானால் செய்யக்கூடியவை எல்லாமே காசில்லாதவை. வழக்கமான கால அளவைத் தாண்டிவிட்டால் தளத்திலேயே விசாரணை போடலாம். கடும் அவசரம் என்றால் ஆதாரத்தோடு விரைவுபடுத்தக் கேட்கலாம். உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் சம்மதக் கடிதம் கொடுத்தால் அவர்கள் கேட்டுச் சொல்வார்கள். இவையெல்லாம் தேதிக்கு உத்தரவாதம் தராது, ஆனால் உத்தரவாதம் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். ஏற்கெனவே ஒருவரிடம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே ரசீது எண்ணை 13 எழுத்தும் முழுதாகக் கேட்டு வாங்குங்கள். ஃபார்மில் தபால் முகவரி யாருடையது என்று பாருங்கள். மழுப்பினார் என்றால் வேறு ஆதாரம் தேட வேண்டாம்.

நுகர்வோர் மோசடிப் புகார்களை வாங்கும் மத்திய அமைப்பான எஃப்டிசியிலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் திரும்பி வருமா என்று தெரியாது. ஸெல்லில் நாமாக அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தர மறுத்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. வேறு எண்ணிலிருந்து, எல்லாருக்கும் அனுப்பும் மெசேஜ்தான், ஆள் பார்க்காமல் எனக்கும் வந்திருக்கிறது: "தங்கச்சி, ரெண்டு வருஷ கார்டா? நிபந்தனை நீக்க ஐ-751 போடணும், மறந்துடாதீங்க. இப்பவே புக் பண்ணா டிஸ்கவுன்ட்."